காய்ச்சலின் மூக்கு

விசயமாறன் என்றொரு ராஜா இருந்தார். எதிரி யானைப் படையோடு வந்தாலும் மீசையை முறுக்குவார். யாராவது தும்மினால் மட்டும் சிம்மாசனத்தை விட்டு எழுந்து ஓடிவிடுவார்.

போன மழைக்காலத்தில் அவர் ஊரில் பாதிப் பேரை ஒரு விஷக்காய்ச்சல் படுக்கப் போட்டது. இந்த மழைக்கும் அதே காய்ச்சல் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டதாகச் சேதி. மந்திரி பேரம்பலவாணருக்கு உடனே ஒரு யோசனை உதித்தது.

"அரசே, போன தடவை காய்ச்சலில் விழுந்தவர்களின் வீட்டு வழி அந்த நோய்க்கு நன்றாகத் தெரியும். நேரே அங்கேதான் வரும். அவர்களை எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டால் நாம் தப்பித்தோம்."

அந்தப் பாதிப் பேரில், சபையில் வேடிக்கை பேசும் உலகளந்தானும் உண்டு. பேர்தான் உலகளந்தான்; ஆள் சிம்மாசனப் படி உயரம். மந்திரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. யோசனை எங்கிருந்து உதித்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

"நாளைக்கே மூட்டையைக் கட்டும்," என்றார் ராஜா உலகளந்தானிடம்.

உலகளந்தானுக்கு வீடு, வாசல், மனைவி நட்ட முருங்கை எல்லாம் இக்கரையில்தானே! "உத்தரவு அரசே. போவதற்கு முன் ஒரே ஒரு வேடிக்கை காட்டிவிட்டுப் போகிறேன்," என்றார்.

போன வருஷ அரண்மனை விருந்தில் ஒரு கூத்து நடந்திருந்தது. மந்திரியின் மாமனார் என்று சொல்லிக்கொண்டு ஓர் எத்தன் நுழைந்துவிட்டான். நாள் கணக்கில் பாயசம் குடித்தான். வெள்ளிக் கிண்ணங்களோடு கிளம்பும்போதுதான் பிடிபட்டான். ஏமாந்த காவலர்களை மந்திரி பின்வாசலுக்கு விரட்டினார். முன்வாசலில் இதுவரை யாரிடமும் ஏமாறாத புது ஆட்களை நிறுத்தினார்.

உலகளந்தான் அந்த எத்தனைச் சிறையிலிருந்து வரவழைத்தார். விருந்துச் சாப்பாடு உண்டு என்றதும் அவன் துள்ளிக்கொண்டு வந்தான். ஒட்டுத் தாடி வைத்து, காவி கட்டி, கையில் கமண்டலத்தைக் கொடுத்தார்கள். ராஜாவும் மந்திரியும் மாடத்திலிருந்து பார்த்தார்கள்.

முன்வாசலில் எத்தன் கையை உயர்த்தினான். "காசியிலிருந்து வருகிறேன், அப்பனே."

"வாங்க சாமி, வாங்க!" புதுக் காவலர்கள் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் பூசினார்கள். பந்தியில் உட்காரவைத்தார்கள். அவன் இரண்டாவது கிண்ணம் பாயசத்தில் கைவைக்கும்போது உலகளந்தான் எழுப்பிப் பின்வாசலுக்கு அனுப்பினார்.

அங்கே அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"அடேய், அந்த மூக்கைப் பாருங்கடா!" என்று ஒரு காவலன் கத்தினான். அடுத்த நொடி தாடி ஒருவன் கையில், கமண்டலம் இன்னொருவன் கையில், எத்தன் தரையில்.

"அரசே, இந்த இரண்டு வாசல் காவலர்களில் யாரை அக்கரைக்கு அனுப்பலாம்?" என்று கேட்டார் உலகளந்தான்.

ராஜா விழித்தார். "காய்ச்சலுக்கும் இதற்கும் என்னய்யா?"

"எங்கள் உடம்புக்குள்ளும் காவல் உண்டு அரசே. போன வருஷம் ஆளைத் தெரியாமல் ஏமாந்தது. கண்டுபிடித்து விரட்ட நாளாயிற்று. இப்போது காய்ச்சலின் மூக்கு அதற்கு அத்துப்படி. மறுபடி நுழைந்தால் பாயசம் வரைக்கும் விடாது."

"சரி, இந்த மழை முடியட்டும், பார்ப்போம்," என்றார் ராஜா.

காய்ச்சல் வந்தது. போன தடவை விழுந்தவர்கள் ஒரு பொழுது மூக்கை உறிஞ்சினார்கள், மிளகு ரசம் குடித்தார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள். போன தடவை தப்பித்த மந்திரிதான் கம்பளிக்குள் கிடந்து நாள் கணக்கில் முனகினார். அவர் பக்கத்தில் போக எல்லாருக்கும் பயம். உலகளந்தான்தான் கஞ்சி ஊற்றினார்.

ராஜா உத்தரவைக் கிழித்துப் போட்டார். பின்வாசல் காவலர்களை முன்வாசலுக்கு மாற்றினார்.

மந்திரி ஒருவழியாக எழுந்து சபைக்கு வந்தார். வாசலில் அவருடைய பெட்டியும் படுக்கையும் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"என்ன இது?"

"அக்கரைக்கு, மந்திரியாரே," என்றார் உலகளந்தான். "இப்போது உங்கள் வீட்டு வழியும் காய்ச்சலுக்குத் தெரிந்துவிட்டதே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவருக்கே தும்மல் வந்துவிட்டது.

பழக்க தோஷம். சிம்மாசனத்தை விட்டு எழுந்து ஓடினார்.