மேகத்துக்கு மேலே ஒரு வெளிமான்

ஒரு பெரிய புல்வெளியில் வெளிமான்கள் வாழ்ந்து வந்தன. அங்கிருந்து நான்கு நாள் நடந்தால் ஒரு மலை. அதன் உச்சியில் வரையாடுகள் வாழ்ந்தன. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் புல்வெளியிலிருந்து ஒரு குட்டி மலைக்குப் போகும். மலையிலிருந்து ஒரு குட்டி புல்வெளிக்கு வரும். மூன்று மாதம் தங்கி, அந்த இடத்தைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்.

அந்த ஆண்டு மலைக்குப் போனவள் தும்பை என்ற வெளிமான். ஓட்டத்தில் அவளை மிஞ்ச யாருமில்லை. நரி துரத்தினால் அவள் கிளப்பிய தூசிதான் நரிக்கு மிஞ்சும்.

மேகலை என்ற வரையாடு மலையடிவாரத்துக்கு வந்து அவளை அழைத்துப் போனாள். மேகலையின் மகன் கடம்பன் அன்றுதான் புல்வெளிக்குக் கிளம்பியிருந்தான். இனி அவன் படுத்த இடம்தான் தும்பைக்குப் படுக்கை. மேகலையின் மகள் சரளைக்கும் தும்பையின் வயதுதான்.

ஏற ஏறத் தும்பைக்கு மூச்சு அடைத்தது. வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மரங்கள் கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே போயின. அவள் ஊரில் தண்ணீர் குட்டையில் சும்மா கிடக்கும். இங்கே அது பாறையிலிருந்து குதித்து, பாதி வழியிலேயே புகையாகிப் போனது! உச்சியில் நின்றபோது ஒரு மேகம் அவள் வயிற்றை உரசிக்கொண்டு போயிற்று.

'அம்மாடி!' என்று கத்த வாயெடுத்தாள். ஆனால் தும்பை வாயை மூடிக்கொண்டாள். வியந்து நின்றால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே!

"மலை பிடித்திருக்கிறதா, தும்பை?" என்று கேட்டாள் மேகலை.

"எங்கள் ஊரிலும் மேடு உண்டு, அத்தை!" என்றாள் தும்பை. அந்த மேடு இரண்டு கறையான் புற்று உயரம்.

வரையாடுகள் வேகமாகப் பேசின. பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். மீதியில் பாதி தும்பைக்கு விளங்காது. ஆனால் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, "புரிந்தது, அத்தை!" என்பாள்.

கசப்புப் புல்லைத் தின்னாதே என்றாள் மேகலை. "புரிந்தது!" என்றவள் அதையே மேய்ந்துவிட்டு இரண்டு நாள் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். ஈரப் புல்லில் படுக்காதே, அட்டை ஏறும் என்றாள். "புரிந்தது!" மறுநாள் காலை அவள் காதில் நான்கு அட்டைகள் தொங்கின.

"காதில் என்ன அது?" என்று சிரித்தாள் சரளை.

"எங்கள் ஊரில் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்!" என்றாள் தும்பை. பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போய், தன் புல்வெளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடித் தேடி அழுதாள்.

ஒருநாள் மேகலை அவளை நிறுத்திச் சொன்னாள். "இதை நன்றாகக் கேள். காவலுக்கு நிற்கும் ஆடு சீழ்க்கை அடித்தால் மலை விளிம்புக்குப் போ. செங்குத்துப் பாறையில் இறங்கி அசையாமல் நில். புரிந்ததா?"

காற்று சுழன்று அடித்தது. 'சீழ்க்கை', 'போ' என்ற இரண்டு சொற்கள்தான் தும்பையின் காதில் விழுந்தன.

"புரிந்தது, அத்தை!"

புதருக்குள் படுத்திருந்த ஒரு சிறுத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. 'எதற்கும் தலையாட்டுகிற பெண்! இவள் எனக்குத்தான்' என்று நாக்கைச் சுழற்றியது.

மறுநாள் மதியம் மூடுபனி இறங்கியது. மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. திடீரென்று சீழ்க்கை ஒலித்தது! ஒரு நொடியில் ஆடுகள் எல்லாம் மறைந்துபோயின. தும்பைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஓடினாள். எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் நின்றாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கனிவான குரல் வந்தது. "இந்தப் பக்கம் வா, பெண்ணே! உன் ஊரைப் போலவே திறந்த வெளி இருக்கிறது. ஓடி வா!"

"யார் நீங்கள்?"

"உன் மேல் அக்கறை உள்ளவன். ஆபத்து வந்தால் ஓட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும்!" என்றாள் தும்பை, பழக்கத்தில். குரல் வந்த பக்கம் நான்கு அடி வைத்தாள்.

"தும்பை! நில்! அது சிறுத்தை!" பனியைக் கிழித்துக்கொண்டு சரளை ஓடி வந்தாள். "விளிம்புக்கு வா!"

"விளிம்புக்கா? அங்கே தரையே இல்லையே!"

"அம்மா சொன்னாளே! புரிந்தது என்றாயே!"

தும்பை தலையாட்டவில்லை. "இல்லை, சரளை! எனக்குப் புரியவில்லை! வந்த நாளிலிருந்தே பாதி புரியவில்லை! என்ன செய்யட்டும், சொல்!"

"நான் கால் எடுத்த இடத்தில் உன் காலை வை. ஓடாதே!"

சரளை விளிம்பைத் தாண்டி இறங்கினாள். தும்பையும் இறங்கினாள். ஒரு குளம்பு வைக்க இடம், பிறகு இன்னொன்று. பாறையோடு உடம்பை ஒட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். தலைக்கு மேலே சிறுத்தையின் நகம் கல்லைப் பிறாண்டியது. சிறு கற்கள் உருண்டு விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. சிறுத்தை வெகுநேரம் உறுமிப் பார்த்துவிட்டு, பசியோடு போய்விட்டது.

மேலே ஏறியதும் தும்பை மேகலையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"தப்பு எனக்கும் உண்டு" என்றாள் மேகலை. "நீ தலையாட்டுகிறாயே என்று நானும் விட்டுவிட்டேன். வா, மெதுவாகச் சொல்கிறேன்."

அதன் பிறகு தும்பை கேட்காத கேள்வி இல்லை. இந்தப் பூ ஏன் நீலம்? காற்று எங்கே தூங்கும்? சில சமயம் மேகலையே காதைத் திருப்பிக்கொள்வாள்.

ஊருக்குக் கிளம்பச் சில நாட்களே இருந்தன. ஒரு மாலையில் தும்பையும் சரளையும் விளிம்பில் நின்றார்கள். வெயில் முதுகில் அடித்தது. கீழே, கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மேகம். அந்த மேகத்தின் மேல் அவர்களுடைய நிழல்கள் விழுந்தன. தும்பையின் நிழலில் தலையைச் சுற்றி ஒரு வானவில், முழு வட்டமாக!

"அம்மாடி!" என்று இந்த முறை கத்தியே விட்டாள் தும்பை. "சரளை, என் தலையைச் சுற்றி என்ன அது?"

"உன் தலையா? அது என் தலையைச் சுற்றியல்லவா இருக்கிறது!"

இருவரும் இடம் மாறி நின்று பார்த்தார்கள். அப்போதும் வட்டம் அவரவர் தலையைச் சுற்றியே தெரிந்தது.

"ஏன் இப்படி?" என்று மெல்லக் கேட்டாள் தும்பை.

"தெரியவில்லை" என்றாள் மலையிலேயே பிறந்த சரளை. "எங்களில் யாருக்குமே தெரியாது."

வெயில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

புது இடத்தில் தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லத் துணிகிறவருக்கே அந்த இடம் தன் வழியையும் தன் அதிசயத்தையும் காட்டும்.