பொங்குமுகத்தில் நின்ற சிரட்டை

இந்தக் கதையை எங்கேயாவது மாத்திச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. நான் மாத்திச் சொன்னா, நீங்க அதை நம்பி ஒருநாள் தண்ணியில இறங்கிடுவீங்க. அதனால கிட்ட வந்து, காது குடுத்துக் கேளுங்க.

ஒரு கடற்கரை ஊர்ல உலகாயின்னு ஒருத்தி இருந்தா. குடத்துத் தண்ணி தளும்பினாலே பயந்துக்குவா. அந்த ஊருக்குத் தெக்கே, கரைக்கும் ஒரு தீவுக்கும் நடுவுல ஒடுக்கமான கடல்வாய், பேரு பொங்குமுகம். கடல் ஏறும்போது தண்ணி உள்ளே பாயும், இறங்கும்போது வெளியே பாயும், பாறையில மோதி உலைத்தண்ணியாட்டம் கொதிக்கும். அதை வேடிக்கை பார்க்கறதுக்குன்னே ராஜா அந்தத் தீவுல ஒரு சோலை போட்டிருந்தாரு.

ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல கொஞ்ச நேரம் தண்ணி அசையாம நிக்கும். அப்பத்தான் படகு போகணும். அதுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடக்காரன் ஒரு சிரட்டையை, அதான் தேங்காய் ஓட்டை, மிதக்க விடுவான். ஓடினா யாரும் ஏறக்கூடாது. நின்னா ஏறலாம்.

அப்படிப் பார்த்து ஏறியும், நகை போட்ட புதுப்பொண்ணு போற படகு மட்டும் அப்பப்போ கவிழ்ந்துடும். ஓடக்காரன் சடையன் மட்டும் பாறையைப் பிடிச்சுக் கரையேறி, "கடலம்மா கேட்டா, எடுத்துக்கிட்டா"ன்னு அழுவான். செத்தவங்க நகையோட எந்த மணல்ல ஒதுங்குவாங்கன்னு அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

உலகாயி மக கனியம்மைக்குக் கல்யாணமாச்சு. சோலையைப் பார்க்கணும்னு அவ கழுத்து நிறைய நகையோட, அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கரையில வந்து நின்னா. சடையன் ஒரு சிரட்டையை விட்டான், ஓடிப்போச்சு. இன்னொண்ணு விட்டான், அதுவும் ஓடிப்போச்சு. மூணாவதை விட்டான், அது நின்னுச்சு. எப்படி நின்னுச்சு? அடியில நூல் கட்டி, நூல்ல கல்லைக் கட்டியிருந்தான், பாவி.

"நின்னுச்சாப்பா?"ன்னா உலகாயி.

"நின்னுச்சு தாயி."

"நல்லா நின்னுச்சா?"

"நல்லா நின்னுச்சு தாயி."

"நெசமாவே நின்னுச்சா?"

உலகாயி புருஷன் வேலாண்டிக்குப் பொறுக்கலை. "சிரட்டை நின்னு எந்நேரமாச்சு, உன் வாய்தான் நிக்கலை. ஏறுடி."

கனியம்மை ஒரு காலைப் படகுல வச்சுட்டா. உலகாயி சிரட்டையையே பார்த்தா. சிரட்டை நிக்குது, ஆனா அதுக்குப் பின்னால நுரை வாலாட்டம் நீளுது. ஒரு சருகு வந்துச்சு, சிரட்டையைத் தாண்டி விருட்டுன்னு போயிடுச்சு.

"சிரட்டை நிக்குது, சருகு ஏன் ஓடுது?"

"பயந்தவ கண்ணுக்கு எல்லாம் ஓடும் தாயி"ன்னு சடையன் சிரிச்சான்.

"அப்போ அதை எடுத்து என் கையில குடு. தொட்டுப் பார்த்துட்டு ஏறறேன்."

கரையில நின்ன சனமும், "எடுத்துத்தான் குடேன், தண்ணி நிக்குதுல்ல"ன்னுச்சு. மாட்டேன்னா குட்டு வெளிப்படும். அவன் இடுப்பளவு தண்ணியில இறங்கி, யாருக்கும் தெரியாம நூலை அறுக்கப் பார்த்தான். கல்லு புரண்டுச்சு, நூல் கால்ல சுத்துச்சு, ஆளைச் சாய்ச்சு இழுத்துச்சு.

"தண்ணி நிக்கலை, கயித்தை வீசுங்க, தண்ணி நிக்கலை"ன்னு அவனே கத்தினான்.

கயித்தை வீசினாங்க. அது எட்டறதுக்குள்ள பொங்குமுகம் அவனை விழுங்கிடுச்சு. அடுத்தவளை அனுப்ப நினைச்ச இடத்துக்கு அவனே போய்ச் சேர்ந்தான்.

உலகாயி என்ன செஞ்சா? மகளைப் படகுலேருந்து இழுத்து, தன் முந்தானையை அவ இடுப்புல முடிஞ்சா, தான் ஒரு புன்னை மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் தண்ணி நெசமாவே நின்னுச்சு, கண்ணாடியாட்டம். "இப்போ போகலாமே"ன்னான் வேலாண்டி. "நீங்க போய்ட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு, முடிச்சை அவிழ்க்காமலே மகளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்தா.