இலுப்பையைப் பெண் பார்க்க வந்த நிலா

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும், வௌவால் பேசும், வானத்தில் போகிற நிலாவைக் கூப்பிட்டால் அதுவும் பதில் சொல்லும். அப்போதெல்லாம் இலுப்பை மரத்துக்கு வருடம் முழுவதும் இலை உண்டு. அது பூக்கும், ஆனால் ஒரு பூவைக்கூடக் கீழே விடாது. அடர்ந்த இலைகளுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அங்கேயே வாடவிடும். அவ்வளவு கூச்சம் அதற்கு.

மலையடிவாரத்தில் ஊசிப்பாறை என்று ஒரு சிற்றூர். அங்கே அங்காயி என்பவள் கல்யாணம் பேசி முடிப்பதில் கெட்டிக்காரி. நாற்பது ஜோடிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். பெண் வீட்டுக்குப் போய், "பையன் உங்க பொண்ணைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்காமக் கிடக்கான்" என்பாள். மறுநாள் பையன் வீட்டில் அதையே திருப்பிச் சொல்வாள். இரண்டு பேரும் நேரில் பார்க்கும்போது அது எப்படியோ உண்மையாகிவிடும்.

அந்தப் பங்குனியில் அவள் மகள் செவந்திக்கே கல்யாணம். பௌர்ணமி இரவு கழிந்து விடியும் வேளையில் முகூர்த்தம். பெண் வீட்டார் பிடித்துக் கொடுக்கும் இனிப்பு உருண்டையை மாப்பிள்ளையின் தாய் தின்ற பிறகுதான் தாலி கட்டுவது அவர்கள் வழக்கம். அந்த வருடம் மழை பொய்த்து, தேனீக்கள் வேறு மலைக்குப் போய்விட்டன. தேனைவிட்டால் அங்கே வேறு இனிப்பு கிடையாது.

மாப்பிள்ளையின் தாய் பொன்னாத்தா பந்தல்கால் நடுவதைப் பார்க்க வந்தாள்.

"என்ன மதினி, ஊருக்கெல்லாம் தேனா பேசுவீங்களே, அதையே உருண்டை பிடிச்சிரலாமே?"

"நாள் இருக்கு மதினி."

"இருக்கு, இருக்கு, மூணு நாள் இருக்கு. வாய் இனிக்கலைன்னா வந்த வழியே போயிருவோம். எங்க வழக்கத்தை நான் ஒருத்தி மாத்த முடியுமா?"

செவந்தி அடுப்படிக்குள் போய்விட்டாள். மகளின் முகம் வாடியது அங்காயிக்குத் தெரிந்தது. அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள். அங்கே இலுப்பைக் கிளையில் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"என்னத்தடா அப்படித் தின்னே?"

"பூ, அத்தை. உள்ள ஒளிச்சு வச்சிருக்கா. தேன் எல்லாம் கிட்ட வர முடியாது!"

அங்காயி மரத்தைப் பார்த்தாள். பூக்கள் எட்டாத உயரத்தில் இருந்தன. ஏறிப் பறிக்கலாமென்றால் இலைக்குள் எதுவுமே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்.

"அடி ராசாத்தி, விஷயம் தெரியுமா? நிலா உன்னைப் பெண் பார்க்க வர்றானாம். பௌர்ணமியன்னிக்கு!"

"என்னையா?" இலுப்பை நடுங்கியது.

"உன்னைத்தான். இப்படி முக்காடு போட்டுக்கிட்டு நின்னா அவன் எதைப் பார்ப்பான்?"

இலுப்பை அன்றே இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் ஓர் இலைகூட மிச்சமில்லை. கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் மொட்டுகள். ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மரம் கூசிப்போய் மொட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் வந்தால்தான் திறப்பேன் என்றது.

வௌவால் மெதுவாகக் கேட்டது: "அத்தை, மாப்பிள்ளை நிலாவுக்கு இந்த விஷயம் தெரியுமா?"

அங்காயி மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மனிதர்கள் என்றால் சமாளித்துக்கொள்வார்கள். இவள் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒரு மரம் மொட்டையாக நிற்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் கிழக்குப் பாறையின் உச்சிக்கு ஏறினாள். நிலா பாறையை உரசிக்கொண்டு, பெரிய முகத்தோடு எழுந்தது. அந்த நாளில் நிலா கீழே குனிந்து பார்ப்பதே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு வேகமாகப் போகும்.

"ஏ மகராசா, நில்லு!"

"வேலை கிடக்குது. சீக்கிரம் சொல்லு."

'உன்னை நினைச்சு ஒருத்தி உருகுறா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வழக்கமான சொல், நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் மொட்டையாக நிற்கும் மரம் கண்ணுக்குள் வந்தது.

"நாப்பது ஜோடிகிட்டச் சொன்ன மாதிரியே நான் ஒரு பொய் சொல்லிட்டேன். நீ பார்க்க வர்றேன்னு ஒரு மரத்துக்கிட்டச் சொன்னேன். எம்மக கல்யாணத்துக்காகச் சொன்னேன். அது இலையெல்லாம் கொட்டிட்டு உனக்காக நிக்குது. என்னை என்ன வேணா திட்டு. அதை மட்டும் ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டுப் போ."

நிலா அவள் கண்ணீரைப் பார்த்தது. "நாப்பது ஜோடிகிட்டச் சொன்னப்பவும் இப்படித்தான் அழுதியா?"

"அவங்க யாரும் இலையைக் கொட்டலையே, சாமி."

நிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஆற்றின் மேலே வந்து, முதன்முறையாகத் தலையைக் குனிந்தது.

"அட! இத்தனை காலமா இந்த வழியாத்தானே போறேன். இவ்வளவு அழகா ஒருத்தி இருக்கான்னு யாருமே சொல்லலையே!"

இலுப்பைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிடித்து வைத்திருந்த மொட்டெல்லாம் விரிந்தது. சிரிக்கச் சிரிக்கப் பூ உதிர்ந்தது. பொட்டுப் பொட்டென்று விடியும்வரை உதிர்ந்தது. ஊரே கூடை எடுத்துக்கொண்டு ஓடி வந்தது. பெண்கள் பூவை வறுத்து, தினைமாவோடு இடித்து உருண்டை பிடித்தார்கள். பொன்னாத்தா ஒன்றைத் தின்றாள். பிறகு இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள்.

"தாலியைக் கட்டச் சொல்லலாமா மதினி?"

"இருங்க, இதை முழுங்கிக்கிறேன்!"

மேளம் கொட்டியது. மேற்கே இறங்கிக்கொண்டிருந்த நிலாவைப் பார்த்து அங்காயி ஒரு கைப் பூவை வீசினாள். "எடுத்துக்கோ மாப்பிள்ளை! அடுத்த பங்குனிக்கும் வந்துரு!" நிலா மறைந்தது. வெயில் வந்தது. ராத்திரி முழுவதும் தான் நின்ற கோலத்தை நினைத்துக்கொண்டது இலுப்பை. வெட்கம் மேலே ஏறி, கிளையெங்கும் சிவப்புத் தளிராகத் துளிர்த்தது.

இலுப்பை இலையைக் கொட்டிவிட்டுப் பூப்பதும், இரவெல்லாம் பூவைச் சிந்திவிட்டு வெயில் ஏறியதும் நிறுத்திக்கொள்வதும், அதற்குப் பிறகு சிவக்கச் சிவக்கத் துளிர்ப்பதும் அன்று முதல்தான். நிலா ஊர்களின் மேல் போகும்போது குனிந்து பார்த்துக்கொண்டே போவதும் அன்று முதல்தான்.