இருபது குதிரையும் ஐந்து லாயமும்

முன்னொரு காலத்தில் மலைக்கு இந்தப் பக்கம் ராசகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று நினைப்பான், சாப்பிட்டு எழுந்தால் வேறொன்று நினைப்பான். அவன் ஒரு பொல்லாத சட்டம் போட்டிருந்தான். எழுபது வயதான அதிகாரி யாரானாலும் சபையில் ஒரு கணக்குப் புதிரை விடுவிக்க வேண்டும். முடியாவிட்டால், புத்தி மழுங்கிவிட்டதென்று புலிக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். போனவர் யாரும் திரும்பியதில்லை.

மந்திரி வில்லியப்பருக்கு எழுபது பிறந்தது. அவர் பதவிமேல் கண் வைத்திருந்த மருதப்பர், புதிர் போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபது குதிரைகளை ஐந்து லாயங்களில் கட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும். ஒன்றும் வெளியே நிற்கக்கூடாது. மறுநாள் காலை விடை சொல்ல வேண்டும்.

வில்லியப்பர் வீட்டுக்கு வந்து புளியங்கொட்டைகளைப் பரப்பினார். ஐந்து, மூன்று, ஏழு என்று மாற்றி மாற்றி வைத்தார். சரிவரவில்லை. போன வாரம்தான் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை வீடெல்லாம் தேடியிருந்தார். 'சரிதான், நம் மூளை போய்விட்டது, புலிக்குத்தான் நாம்' என்று உள்ளுக்குள் ஒடுங்கிப்போனார் மனுஷன்.

மனைவி உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்தாள். ஆடினார்கள், வில்லியப்பர் ஜெயித்தார்.

"புத்தி மழுங்கியவரிடமா நான் தோற்றேன்?" என்றாள் அவள்.

அந்தப் பேச்சில் அவருக்கு மூச்சு வந்தது. மூளை சரியாக இருக்கிறதென்றால் கோளாறு புதிரில்தானே? மறுபடி கொட்டைகளைப் பார்த்தார். இரண்டு ஒற்றைப்படைக் குவியல்களைச் சேர்த்தால் எல்லாம் ஜோடியாகிவிடுகிறது. நான்கு குவியலும் அப்படியே சேர்ந்துவிடும். ஐந்தாவதில் மட்டும் ஒரு கொட்டை எப்போதும் ஜோடியில்லாமல் நிற்கும். இருபது என்பதோ சரியாகப் பத்து ஜோடி, அதில் ஒன்று தனியே நிற்க வழியே இல்லை.

விடை தெரிந்தும் பயம் விடவில்லை. முடியாது என்ற சொல்லையே ராஜா காதில் வாங்கமாட்டான். காலையில் சபையில் எழுந்து நின்றவர், "மகாராஜா, குதிரைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மருதப்பரே முதலில் கட்டிக் காட்டட்டும். அதன்பிறகு நான் காட்டுக்குப் போகிறேன்" என்றார்.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் கொள்ளை ஆசை. குதிரைகள் வந்தன. மருதப்பர் இங்கே அவிழ்த்து அங்கே கட்டினார், அங்கே அவிழ்த்து இங்கே கட்டினார். வெயில் ஏறியது. குதிரையிடம் உதையும் வாங்கினார். கடைசியில் ராஜாவின் காலில் விழுந்தார். "விடை கிடையாது, பிரபு. வயதானவர் புதிரைச் சந்தேகப்பட மாட்டார், தன்னைத்தான் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன்."

ராஜாவின் முகம் கறுத்தது. மருதப்பரைக் காட்டுக்கு அனுப்பச் சொன்னான். வில்லியப்பர்தான் குறுக்கே புகுந்து, அவரை விட்டுவிட்டு அந்தச் சட்டத்தையே எடுத்துவிடும்படி கேட்டார். ராஜா அதை எடுத்தான், தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். பல்லாங்குழி ஆடித்தான் மந்திரிக்குத் தெளிவு வந்ததென்று கேட்டறிந்து, மருதப்பர் தினமும் உலகம்மையோடு பல்லாங்குழி ஆடி, ஜெயிக்கும் அன்றுதான் சபைக்கு வரலாம் என்றும் உத்தரவிட்டான். மாதங்கள் போயின, மருதப்பர் வரவில்லை.

"பாவம், என்னைப் போல உன்னை ஜெயிக்க அவருக்கு எங்கே முடியும்?" என்று ஒருநாள் பெருமையடித்தார் வில்லியப்பர்.

உலகம்மை கொட்டைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் தோற்றேன்."

வில்லியப்பர் பலகையைத் தன் பக்கம் இழுத்து, "இன்றைக்கு விட்டுக்கொடுக்காமல் ஆடு" என்றார்.

அன்று தோற்றார். மறுநாளும் விடியும் முன்பே பலகையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.