பச்சைப் பொத்தான்

செருப்பைக் கழற்றும்போதே சொர்ணலிங்கம் பேசத் தொடங்கிவிட்டார். ஒரு செருப்பு படியில் கிடந்தது. இன்னொன்று வேலியோரம் போய் விழுந்தது.

"திருட்டுப் பயலுகம்மா. அத்தனை பேரும் திருட்டுப் பயலுக."

குன்றின் அடிவாரத்துக் குடிலில் மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொர்ணலிங்கத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் டவுன் பஸ் கண்டக்டரான சொர்ணலிங்கம், வார விடுமுறை தவறாமல் வந்து அவர் எதிரில் தரையில் உட்காருவார். மனசை அடக்கக் கற்றுக்கொள்ள வருகிறேன் என்பார். இன்று உட்காரவில்லை.

"யாரு?" என்றார் மெய்யம்மை.

"செல்போன்ல ஒரு கேசினோ. சூதாட்டக் கம்பெனி."

"ஆடுனீங்களா?"

"ஆடுனேன். திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்க. ஜெயிச்சேன்ல! ஜெயிச்ச பணம் அங்கேயே கிடக்கு. கேட்டா 'பரிசீலனையில் உள்ளது'ங்கறான். நேத்தும் பரிசீலனை. இன்னைக்கும் பரிசீலனை. அப்படி என்னத்தைப் பரிசீலிக்கிறானுக? எனக்குப் பொண்ணா பாக்கறானுக?"

"ஏன் தரலையாம்?"

"சேரும்போது போனஸ்னு கொஞ்சம் பணம் போட்டான். கொட்டை எழுத்துல 'இலவசம்'னு இருந்துச்சு. இப்போ என்னடான்னா, அந்த போனஸைப் போல முப்பது மடங்குக்கு ஆடித் தீர்த்தாத்தான் எதையும் வெளியே எடுக்க முடியுமாம். அதை எங்கே எழுதியிருக்கான் தெரியுமா? அடியில. எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல. இங்கிலீஷ்ல. நான் ஒருத்தருக்கு ஒரு ரூபா சில்லறை பாக்கி வச்சாலும் அவர் இறங்குறதுக்குள்ள கூட்டத்துல நீந்திப்போய்க் கொடுக்கறவன்மா. எனக்கா இது?"

குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார்.

"விடமாட்டேன். ப்ரியான்னு ஒரு பொண்ணு, அந்தக் கம்பெனில இருந்து சாட்ல பேசும். சரிபார்ப்புக் கட்டணம் பதினஞ்சாயிரம் கட்டினா இன்னைக்கே மொத்தத்தையும் விட்டுடுவாங்களாம். பவளத்தோட தையல் மெஷினுக்கு ஆள் பார்த்துட்டேன். மோட்டார் வச்சது, நல்ல விலைக்குப் போகுது. இப்போ வந்து தூக்கிக்குவான்."

மெய்யம்மையின் கை கீரைக்கட்டின் மேல் அப்படியே நின்றது. கடன் பிடித்தம் போக சொர்ணலிங்கத்தின் சம்பளத்தில் வீடு வந்து சேர்வது கொஞ்சம்தான். அவர் மனைவி பவளக்கொடி அந்த மெஷினில் தைப்பதால்தான் அங்கே அடுப்பு எரிகிறது என்பது மெய்யம்மைக்குத் தெரியும்.

"பவளக்கொடிகிட்ட சொன்னீங்களா?"

"பணம் வந்ததும் புதுசா வாங்கித் தந்துடுவேன்ல."

"சொன்னீங்களா?"

சொர்ணலிங்கம் வேலியைப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. ஏமாத்துறவன்கிட்ட நியாயம் கேக்கறது தப்பா?"

"தப்பே இல்லை. போனைக் கொடுங்க. நானே கேக்கறேன்."

இதைச் சொர்ணலிங்கம் எதிர்பார்க்கவில்லை. சாட் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

"ப்ரியாகிட்ட மட்டும் கொஞ்சம் தன்மையா கேளுங்கம்மா. கம்பெனிதான் மோசம். அந்தப் பொண்ணு தங்கம். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்."

மெய்யம்மை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். சொர்ணலிங்கம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

'என் மனைவி இன்று காலை இறந்துவிட்டாள்.'

"அம்மா! என்னம்மா இது, விளக்கு வைக்கிற நேரத்துல! பவளம் அங்கே கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்து ரவிக்கை தைச்சுக்கிட்டிருக்கா..."

அவர் முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'கேட்டு மிக்க மகிழ்ச்சி, சொர்ணலிங்கம்! உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இன்றைய சிறப்பு போனஸைத் தவறவிடாதீர்கள்!'

அதன் கீழே ஒரு பூங்கொத்துப் படம்.

சொர்ணலிங்கம் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். அன்றைக்கு முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கம்தான்" என்றார் மெய்யம்மை. அவர் முகம் கொதித்துச் சிவந்திருந்தது. அந்த முகத்தில் சொர்ணலிங்கம் கோபத்தைப் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குக் கோபம் வருதாம்மா?"

"வராம? பொணத்துக்கு முன்னால பூங்கொத்து நீட்டுறான்."

"அப்போ என் பணத்தை எப்படி விடச் சொல்றீங்க? நான் ஜெயிச்சதும்மா அது! கொள்ளைக்காரன்கிட்ட கொடுத்துட்டு வெறுங்கையோட வரவா?"

மெய்யம்மை திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்தப் பச்சைப் பொத்தான் எதுக்கு?"

"பணத்தை எடுக்கறதுக்கு. 'வித்ட்ரா'ங்கற இங்கிலீஷ் வார்த்தையை எந்த மடையனோ 'பின்வாங்கு'ன்னு தமிழாக்கி வச்சிருக்கான். தமிழும் தெரியாத திருடனுக."

"அமுக்கிப் பார்த்தீங்களா?"

"கண்ணு முழிச்சதும் அதுதானே வேலை. விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

மெய்யம்மையின் கையிலேயே போன் மணியடித்தது. பவளக்கொடி. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, வாசல்ல ஒருத்தன் குட்டியானை வண்டியோட வந்து நிக்கிறான். மெஷினைத் தூக்கணுமாம். நீங்கதான் வித்துட்டீங்களாம். நெசமா? பாதி ரவிக்கை ஊசியில நிக்குது. இவன் பாட்டுக்கு வயரைப் பிடுங்கறான். கல்யாண வீட்டுத் துணிங்க இது. நான் என்ன சொல்லட்டும்? ஏங்க, இருக்கீங்களா?"

சொர்ணலிங்கம் போனைப் பார்த்தார். மெய்யம்மையைப் பார்த்தார்.

மெய்யம்மை போனை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தினமும் அமுக்கினீங்களே, கண்டக்டரே, அந்தப் பொத்தான்ல என்ன எழுதியிருக்கு? அதை இப்போ வாய்விட்டுப் படிங்க."