நியூட்ரல் போடாத ஒரு நாள்

வடபழனியில் ஒரு ஹைப்ரிட் கார் இருந்தது. அதற்குள் பெட்ரோலில் ஓடும் இன்ஜின் ஒன்று, மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஒன்று, மோட்டாருக்குச் சோறு போடும் பேட்டரி ஒன்று. மூன்றும் சம்பந்தி வீட்டார் போல ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தன.

கீழே, டிரைவரின் காலடியில் பிரேக் இருந்தது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

"நான் மூச்சைப் பிடித்து அறுபதுக்குக் கொண்டுபோகிறேன். இவன் ஒரே மிதியில் அதை விழுங்கி ஏப்பம் விடுகிறான்" என்று இன்ஜின் புகார் சொல்லும்.

"வேண்டாம், வேண்டாம் என்று சொல்லவே பிறந்தவன்" என்று மோட்டார் ஒத்து ஊதும். சத்தமே இல்லாமல் ஓடுவதில் மோட்டாருக்குத் தலைகால் புரியாத பெருமை. தான் காற்றைக் குடித்தே வாழ்வதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது.

உண்மை பிரேக்குக்குத் தெரியும். யாராவது அதை மெதுவாக அழுத்தினால், ஓடுகிற சக்கரத்தின் வேகத்தை அது மோட்டாரிடம் தள்ளிவிடும். மோட்டார் அப்போது கிரைண்டர் கல்லைப் போலச் சுற்றி, அந்த வேகத்தை மின்சாரமாக அரைத்துப் பேட்டரிக்குக் கொடுக்கும். நின்று நின்று போகும் ஊரில் பேட்டரியின் வயிறு நிறைவதே பெரும்பாலும் இப்படித்தான். வெளியே சொன்னால் மோட்டாரின் மானம் போகும் என்று பேட்டரி வாயைத் திறப்பதில்லை.

காரின் சொந்தக்காரர் பல் டாக்டர் வைதேகி. ஓட்டியவர் சூசை, அம்பாசடர் காலத்து டிரைவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாலத்தில் இறக்கம் வந்தால் கியரை விடுவித்து நியூட்ரல். தூரத்தில் சிக்னல் தெரிந்தால் நியூட்ரல். சொட்டுப் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் கணக்கு. ஆனால் இந்தக் காரில் நியூட்ரல் போட்டால், சக்கரத்தின் வேகம் மோட்டாருக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். பிரேக் என்ன பாடுபட்டாலும் அத்தனையும் வெறும் சூடாகிக் காற்றில் போகும். பேட்டரி பட்டினி. மோட்டார் மயக்கம். இன்ஜின் மட்டும் டிராஃபிக் முழுக்கத் தனியாளாக இருமிக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் டாக்டர் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சூசை, வாங்கின கடையில லிட்டருக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் குடுக்கும்னாங்க. பதினாலு காட்டுது!"

"இந்த ஊர் டிராஃபிக்ல ஏரோப்ளேனே பதினாலுதான் குடுக்கும் மேடம். நானாவது பாத்துப் பாத்து நியூட்ரல்ல விடுறேன். வேற எவனாவதா இருந்தா பத்துதான்."

"பிள்ளையார் சதுர்த்திக்குள்ள ஒரு நாளாவது இருபது காட்டணும். இல்லேன்னா வண்டிய வித்துடப் போறேன்."

காருக்குள் திகில் பரவியது. பழைய கார் விற்கும் மைதானத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். வெயில், காக்கை, கண்ணாடியில் சுண்ணாம்பு நம்பர்.

"என்னைக் கழற்றிக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டராக வைத்துவிடுவார்கள்" என்று இன்ஜின் அழுதது.

"என்னை?" என்றது மோட்டார்.

"உன்னை மாவு மில்லுக்கு."

"அவர் நியூட்ரல் போடாமல் என்னை மெதுவாக மிதித்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்" என்றது பிரேக்.

"நிறுத்துகிறவன் ஓடுவதற்கு வழி சொல்கிறானாம்!" என்று இன்ஜின் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. மோட்டாரும் சிரித்தது. ஆனால் பேட்டரி பக்கம் அது திரும்பவில்லை.

சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம். டாக்டர் மயிலாப்பூரில் ஒரு களிமண் பிள்ளையார் வாங்கினார். இன்னும் ஈரம் காயவில்லை. முன்சீட்டில் பலகையோடு உட்கார வைத்தபோது, பலகையின் ஓரம் கியர் மேல் மூடி போட்டதுபோல நீண்டது. பிள்ளையாரின் தொந்தியும் அந்தப் பக்கமே சரிந்திருந்தது.

"மேடம், கியரை மறைச்சு உக்காந்துட்டாரு."

"கியரை டிரைவ்ல போட்டாச்சில்ல? அப்படியே ஓட்டுங்க. சடார்னு பிரேக் போட்டீங்க, தும்பிக்கை தனியா வந்துடும்."

"அய்யோ மேடம், நான் சர்ச்சுக்குப் போறவன். பிள்ளையார் மூக்கை உடைச்சேன்னு பேர் வந்தா எங்க தெருவுல எதிர்வீட்டுக்காரங்களும் சேக்க மாட்டாங்க, எங்க ஃபாதரும் சேக்க மாட்டாரு!"

கோடம்பாக்கம் மேம்பாலத்தின் இறக்கம் வந்தது. சூசையின் இடதுகை பழக்கதோஷத்தில் கியரைத் தேடியது. கையில் தொந்திதான் பட்டது.

"மன்னிச்சுக்கோ சாமி" என்று கையை இழுத்துக்கொண்டார். வேறு வழி இல்லை. தூரத்திலேயே, தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி பிரேக்கின் மேல் காலை வைத்தார்.

பிரேக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சக்கரத்தின் வேகத்தை வாரி மோட்டாரிடம் தள்ளியது.

"ஏய், என்ன இது? இத்தனை நாள் கழித்துச் சக்கரம் என்னைப் போட்டுச் சுற்றுகிறதே!"

"உன் சாப்பாடுதான். பேசாமல் அரை."

மோட்டார் குரலைத் தாழ்த்தியது. "இன்ஜினுக்குத் தெரிய வேண்டாம்."

"அது எப்போதோ தூங்கிவிட்டது" என்றது பேட்டரி, வாய் நிறைய.

அன்று பண்டிகை நெரிசல். பூ, பொரி, அருகம்புல், குடை என்று பாதித் தெருவைக் கடைகள் பிடித்திருந்தன. பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சூசை தும்பிக்கையைப் பார்த்தார், பிரேக்கை மெல்ல அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் பேட்டரி ஒரு கவளம் விழுங்கியது. இன்ஜின் குறட்டை விட, மோட்டாரே பெரும்பாலான தூரத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் திரையில் தெரிந்தது: இருபத்திரண்டு.

"மேடம்! பிள்ளையார் குடுத்துட்டாரு!"

டாக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவர் உக்காந்து வந்த வண்டிய யாராவது விப்பாங்களா?"

"அப்ப ஒண்ணு கேக்கறேன் மேடம். பெரியவரை உள்ள கொண்டுபோங்க. கையளவுல ஒரு சின்னவரை இந்தப் பலகையில உக்கார வைப்போம். பலகை இதே இடத்துல, கியர் மேலயே இருக்கட்டும். வண்டி கிளம்பிட்டா ஒரு இஞ்ச்கூட நகத்தக் கூடாது."

மறுவாரம் கார் சின்னப் பிள்ளையாரோடு கிளம்பியது. உள்ளே சண்டையும் கிளம்பியது.

"மைலேஜ் வந்தது என்னால்" என்றது இன்ஜின். "தூங்கிப் பெட்ரோலை மிச்சம் பிடித்தது யார்?"

"இழுத்தவன் நான்! அதுவும் காற்றைக் குடித்து!" என்றது மோட்டார்.

பேட்டரிக்குப் புரையேறியது.

"கீழே இருக்கிறவரே" என்று மோட்டார் குனிந்து கூப்பிட்டது. "வண்டி ஓட நீர் என்ன செய்தீர்? சொல்லும், கேட்போம்."

"சொல்கிறேன். அதோ சிவப்பு விழுந்துவிட்டது" என்றது பிரேக். "முதலில் சாப்பிடு."