பெயர் எழுதாத படிவம்

அந்த டென்னிஸ் மையத்துக்கு மனநல நிபுணர் வைத்தீசுவரன் வந்த நாளிலிருந்து, அவருடைய கேள்விப் படிவம்தான் ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்தது. இந்த வருஷம் விடுதியில் தங்கி ஆடும் பூங்கொடியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். பெயர் போனால் விடுதியும் போகும். பிறகு சாத்தூர் தீப்பெட்டி ஆலைதான் கதி.

மட்டைகளுக்கு நரம்பு கட்டும் ஆரோக்கியம் தயங்கித் தயங்கி நிபுணரின் அறைக்குள் போனார்.

“அந்தப் பொண்ணு பதற்ற ரகம்யா. நெருக்கடியில உடைஞ்சிடும்” என்றார் நிபுணர். “என் படிவம் பொய்னு காட்டு, பேரைச் சேர்க்கிறேன்.”

“பொய்னு சொல்வேனா ஐயா? நம்பித்தான் வந்தேன். இதையும் பார்த்துச் சொல்லுங்க.” நிரப்பிய படிவம் ஒன்றை நீட்டினார் ஆரோக்கியம். அதில் பெயர் இல்லை.

நிபுணர் படித்துச் சிரித்தார். “தூக்கமில்ல, மேட்சுக்கு முன்னாடி வாந்தி. இது அதைவிட மோசம். அடிச்சிரு.”

“அப்ப அந்தப் படத்தையும் இறக்கிடட்டுங்களா?”

சுவரில் கோப்பையோடு சிரித்தவர் தலைமைப் பயிற்சியாளர் சகாயராணி, மூன்று முறை மாநில சாம்பியன். அவரே இப்போது வாசலில் நின்றிருந்தார். “நான் நிரப்பினதுதான் சார். மூணு ஃபைனலுக்கும் வாந்தி எடுத்துட்டுத்தான் இறங்கினேன்.”

நிபுணர் பூங்கொடியின் பெயரைப் பட்டியலில் மறுபடி எழுதினார்.

ஆரோக்கியம் நகரவில்லை. “போன வருஷம் அடிச்ச பதினோரு பேருக்கு என்ன பதிலுங்க, ஐயா? நரம்பு கட்டக் கொடுத்த மட்டையைக்கூட வாங்காம போயிட்டாங்க. இன்னும் என் ஆணியிலதான் தொங்குது.”

நிபுணர் பட்டியல் இருந்த ஃபைலை மூடினார்.